ஒரு லிட்டர் தண்ணீரும் இரண்டு இன்பாக்ஸும்

கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றை 2011-இல் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கலக்கும் முறை அதில் 17-ஆம் பக்கத்தில் வருகிறது. என் முதல் பிரதியில், ‘ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைக்கவும்’ என்று தவறாக விழுந்துவிட்டது. ஒரு லிட்டர் என்று இருக்க வேண்டும். பிரதியைச் சரிபார்த்த மருத்துவர் பதறிப்போய் மெயில் போட்டிருந்தார்: “டம்ளர் இல்லை, லிட்டர். இவ்வளவு குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கே ஆபத்து. முதலில் இதை மாற்றுங்கள்.”

அந்த மெயில் வந்தபோது நான் கும்பகோணத்தில், அம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் மெயிலைப் படித்தேன். ‘கட்டாயம் மாற்றிவிடுகிறேன், டாக்டர்’ என்று பதிலும் அனுப்பினேன். கையேட்டின் கோப்பு மதுரையில், வீட்டு டெஸ்க்டாப்பில் இருந்தது. ஊர் திரும்பியதும் டெஸ்க்டாப்பின் இன்பாக்ஸைத் திறந்து, திருத்தம் சொல்லி வந்த மெயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பக்கம் பக்கமாக மாற்றினேன். மொத்தம் பதினொரு மெயில். மருத்துவருடைய மெயில் அவற்றில் இல்லை. நான் போட்ட பதிலும் அங்கே இல்லை. கண்ணில் படாததை மனமும் நினைக்கவில்லை. கோப்பு அச்சுக்குப் போய்விட்டது.

முதல் பிரதி கைக்கு வந்ததும் மருத்துவர் போன் செய்தார். “அந்த லிட்டர் திருத்தம் நான் அனுப்பினேனே, மாத்திடறேன்னு நீங்களும் பதில் போட்டீங்களே?” என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். மெயில் அங்கே பத்திரமாக இருந்தது. பதிலும் இருந்தது.

நல்லவேளையாகப் புத்தகங்கள் இன்னும் விநியோகத்துக்குப் போகவில்லை. ‘ஒரு லிட்டர்’ என்று அச்சடித்த துண்டுத்தாளை 500 பிரதிகளிலும் ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பசையும் கத்திரியுமாக உட்கார்ந்தவர்கள், கடைசிப் பிரதியை மூடும்போது மாலை நாலரை. அன்று ராத்திரியே, என் இரண்டு கணினிகளும் ஏன் இரண்டு வேறு கதை சொல்கின்றன என்று தேடத் தொடங்கினேன். அப்போதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரு கணினி, வெளியூருக்கு ஒரு லேப்டாப் என்று வேலை செய்கிற எல்லோருக்கும் இது தேவைப்படும்.

மெயில் எங்கே போயிற்று?

மெயிலை சர்வரிலிருந்து நம் கணினிக்குக் கொண்டுவரப் பரவலாக இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று பாப், மற்றொன்று ஐமேப்.

பாப் 1984-இல் வந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் அதன் மூன்றாம் பதிப்பு 1988-இல் வெளியானது. ஒருவருக்கு ஒரு கணினி என்று இருந்த காலத்துக்கு ஏற்ற முறை அது. டயல்-அப் நாட்களில் தொலைபேசி இணைப்பில் ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் சர்வரைக் கூப்பிட்டு, வந்திருப்பதை மொத்தமாக இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பிறகு நிதானமாகப் படிப்பார்கள். இறக்கியதும் சர்வரில் இருப்பது அழிந்துவிடும். எந்தக் கணினி முதலில் கேட்கிறதோ அதற்குத்தான் மெயில்.

என் கதையில் நடந்தது இதுதான். இரண்டு கணினிகளிலும் பாப் இருந்தது. டெஸ்க்டாப்பில் ‘ஒரு நகலை சர்வரில் விட்டுவை’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. லேப்டாப்பில் இல்லை. ஆகவே கும்பகோணத்தில் லேப்டாப் இறக்கிய ஒவ்வொரு மெயிலும் சர்வரிலிருந்து மறைந்தது. மதுரை டெஸ்க்டாப் கேட்கும்போது கொடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஐமேப் முறையை 1986-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். இதில் மெயில் எப்போதும் சர்வரிலேயே இருக்கும். கணினி அதைக் காட்டும், வேண்டுமானால் ஒரு நகலும் வைத்துக்கொள்ளும். படித்தாயிற்றா, பதில் போட்டாயிற்றா, நட்சத்திரம் வைத்தாயிற்றா என்பதெல்லாம் சர்வரில்தான் பதிவாகிறது. எந்தக் கணினியில் திறந்தாலும் அதே நிலை தெரிவது அதனால்தான்.

பிறருக்குச் சொல்லும்போது நான் வங்கிக் கணக்கை உதாரணம் காட்டுவேன். பாப் என்பது பணத்தை எடுத்து வந்து வீட்டு பீரோவில் வைப்பது மாதிரி. இரண்டு வீட்டில் பீரோ இருந்தால், பணம் எதில் இருக்கிறது என்று நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஐமேப்பில் பணம் வங்கியில் இருக்கிறது. பாஸ்புக்கை எந்தக் கிளையில் பதிந்தாலும் ஒரே இருப்புதான் வரும்.

உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அக்கவுன்ட் செட்டிங்ஸில் மெயிலைப் பெறும் சர்வரின் போர்ட் எண்ணைப் பாருங்கள். 110 அல்லது 995 என்றால் பாப். 143 அல்லது 993 என்றால் ஐமேப். இதில் 995-உம் 993-உம் பாதுகாப்பான இணைப்புக்கானவை, அவற்றையே பயன்படுத்துங்கள். இந்தச் சோதனையை இரண்டு கணினிகளிலும் செய்ய வேண்டும். ஒன்று ஐமேப்பாகவும் மற்றது பாப்பாகவும் இருந்தால், பாப் இருக்கிற கணினி சர்வரைக் காலி செய்யும்போது ஐமேப் கணினியிலும் மெயில் மறையும்.

அரைகுறை வைத்தியம்

முதலில் நானும் குறுக்குவழியில்தான் போனேன். லேப்டாப்பிலும் ‘சர்வரில் நகலை விட்டுவை’ என்ற கட்டத்தில் டிக் வைத்தேன். மெயில் இரண்டு இடத்திலும் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் வேறு தொல்லைகள் முளைத்தன. ரயிலில் நாற்பது மெயில் படித்து முடித்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் நாற்பதும் படிக்காதவையாக நிற்கும். லேப்டாப்பில் அனுப்பியது டெஸ்க்டாப்பின் சென்ட் ஃபோல்டரில் இருக்காது. அதற்காக ஒவ்வொரு மெயிலையும் எனக்கே பி.சி.சி. போட்டுக்கொண்டேன். பாப் முறையில் இன்பாக்ஸ் மட்டும்தான் இறங்கும். அனுப்பியது, பாதி எழுதி வைத்தது, ஃபோல்டராகப் பிரித்தது எதற்கும் அதில் வழியில்லை. இரண்டு கணினி வைத்திருப்பவருக்கு ஐமேப்தான் தீர்வு.

மாறிய விதம்

மெயில் மென்பொருள்களான தண்டர்பேர்டிலோ அவுட்லுக்கிலோ, இருக்கிற பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்றும் வசதி இல்லை. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். நான் ஒரு வார இறுதியை இதற்கென்று ஒதுக்கினேன். தண்டர்பேர்டில் நான் செய்த வரிசை இது.

முதலில், இரண்டு கணினிகளிலும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தேன். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாவதாக, பாப் கணக்குகள் தானாக மெயில் இறக்குவதை இரண்டிலும் நிறுத்தினேன். ஐமேப் வேலையைத் தொடங்கிய பிறகு பழைய பாப் கணக்கு பின்னாலிருந்து சர்வரைக் காலி செய்துகொண்டிருந்தால் எல்லாம் வீண்.

மூன்றாவதாக, டெஸ்க்டாப்பில் ஐமேப் கணக்கைச் சேர்த்து, சர்வரில் ஆண்டு வாரியாக ஃபோல்டர் உருவாக்கினேன். பழைய பாப் ஃபோல்டர்களிலிருந்து மெயில்களை அவற்றுக்கு நகலெடுத்தேன். இங்கே ‘மூவ்’ வேண்டாம், ‘காப்பி’ போதும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் பழையது பழைய இடத்தில் இருக்கும். ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான மெயில்களை இழுத்துப் போடவும் கூடாது. வீட்டு இணைப்புகளில் இறக்குவதைவிட ஏற்றுவது பெரும்பாலும் மெதுவாகவே நடக்கும். முந்நூறு, நானூறாக அனுப்பி, இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

நான்காவதாக, லேப்டாப்பிலும் ஐமேப் கணக்கைச் சேர்த்தேன். லேப்டாப்பில் மட்டும் இருந்த மெயில்களைத் தனி ஃபோல்டரில் சர்வருக்கு ஏற்றினேன். சில மெயில்கள் இரண்டு முறை வந்துவிட்டன. ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் இருக்கிறது. அதை ஒப்பிட்டு இரட்டையைக் கண்டுபிடிக்கும் ஆட்-ஆன்கள் தண்டர்பேர்டுக்குக் கிடைக்கின்றன. அதை வைத்துக் களைந்தேன்.

ஐந்தாவதாக, ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த பிறகே பழைய பாப் கணக்கை நீக்கினேன்.

நகர்த்தும்போது ஓர் இடத்தில் திகைத்து நின்றேன். 2000-களின் தொடக்கத்தில் வந்த தமிழ் மெயில்கள் பல, லேப்டாப்பில் புரியாத குறிகளாகத் தெரிந்தன. ஒத்திசைவில் கோளாறு என்று பயந்தேன். உண்மையில் அவை யுனிகோட் பரவுவதற்கு முந்தைய டாப், திஸ்கி குறியீடுகளில் எழுதியவை. அவற்றுக்கான எழுத்துரு டெஸ்க்டாப்பில் இருந்தது, லேப்டாப்பில் இல்லை, அவ்வளவுதான். முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கி, எனக்கே ஒரு மெயிலாக அனுப்பி வைத்துக்கொண்டேன்.

பழகிப் பார்த்துத் தெரிந்தவை

ஐமேப்புக்கு மாறியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அன்றாடப் பயன்பாட்டில் சில இடங்களில் தடுக்கும்.

சென்ட் ஃபோல்டர்: அனுப்பிய மெயிலின் நகல் எங்கே சேரவேண்டும் என்பதை இரண்டு கணினிகளிலும் ஒரே மாதிரி வையுங்கள். சர்வரில் இருக்கும் சென்ட் ஃபோல்டரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று ‘சென்ட்’ என்றும் மற்றது ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்றும் இரண்டு ஃபோல்டர் உருவாக்கி, பாதி அங்கே பாதி இங்கே போட்டுவைக்கும். ட்ராஷ், டிராஃப்ட்ஸ் ஃபோல்டர்களுக்கும் இதே விதிதான். ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அனுப்பியதை ஜிமெயிலே சேமித்துக்கொள்கிறது. தண்டர்பேர்டிலும் நகல் வைக்கச் சொல்லியிருந்தால் சில சமயம் இரண்டு இரண்டாக வரும்.

அவுட்பாக்ஸ்: இதில் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நெட் இல்லாத இடத்தில் எழுதி ‘பிறகு அனுப்பு’ என்று சொன்ன மெயில், அந்தக் கணினியின் அவுட்பாக்ஸில் கிடக்கும். அவுட்பாக்ஸ் சர்வரில் இல்லை. இன்னொரு கணினியில் அது தெரியவே தெரியாது. திருச்சி தாண்டி சிக்னல் போன இடத்தில் எழுதிய மெயில் ஒன்று, லேப்டாப்பை மூடிவிட்டதால் நான்கு நாள் அப்படியே கிடந்தது. இப்போது பயணத்தில் எழுதுவதை டிராஃப்டாகச் சேமிக்கிறேன். இணைப்பு வந்ததும் அது சர்வருக்குப் போய்விடும். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் லேப்டாப்பைத் திறந்து அவுட்பாக்ஸ் காலியா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

டிராஃப்ட்: ஒரே வரைவை இரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாகச் சேமித்து இரண்டு வரைவாகிவிடும். ஒன்றில் சேமித்து மூடிவிட்டு மற்றதில் திறக்க வேண்டும்.

லோக்கல் ஃபோல்டர்: தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் நகர்த்திய மெயில் சர்வரிலிருந்து இறங்கி அந்தக் கணினியில் மட்டும் இருக்கும். மற்ற கணினியில் பார்த்தால் காணாமல் போனது போலத் தோன்றும். வேண்டுமென்றே செய்தால் தவிர அந்தப் பக்கம் எதையும் இழுக்காதீர்கள்.

ஃபில்டர்: ‘இந்தப் பதிப்பகத்து மெயிலை இந்த ஃபோல்டரில் போடு’ என்பது போன்ற விதிகளைக் கணினியில் எழுதினால், அந்தக் கணினி ஓடும்போது மட்டுமே அவை வேலை செய்யும். இரண்டிலும் வேறு வேறு விதி இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். மெயில் சேவையின் வலைப்பக்கத்தில் போய் விதியை அமைத்தால், எந்தக் கணினி அணைந்திருந்தாலும் மெயில் சரியான ஃபோல்டரில் விழும்.

முகவரிப் புத்தகம்: ஐமேப் மெயிலை மட்டுமே ஒத்திசைக்கும், தொடர்புகளையும் நாட்காட்டியையும் தொடாது. அவற்றுக்குக் கார்ட்டேவ், கால்டேவ் என்ற வேறு முறைகள் உண்டு. தண்டர்பேர்டில் முகவரிப் புத்தகத்தை இப்படி இணைக்கும் வசதி 2021-இல் வந்த 91-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. கையெழுத்து வரிகளை மட்டும் இரண்டிலும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

நெட் இல்லாத நேரம்: மெயில் சர்வரில் இருக்கிறது என்பதற்காக இணைப்பு இல்லாமல் படிக்க முடியாது என்று எண்ண வேண்டாம். ‘இந்தக் கணக்கின் மெயில்களை இந்தக் கணினியிலும் வைத்திரு’ என்ற அமைப்பை இயக்கினால் முழு நகல் இருக்கும். டெஸ்க்டாப்பில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் டிஸ்க் சிறியது. கடந்த ஆறு மாதத்து மெயில் மட்டும்.

இடம்: சர்வரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவ்வப்போது பாருங்கள். இலவச கூகுள் கணக்கில் 15 ஜி.பி.; அதையும் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. இடம் நிறைந்துவிட்டால் புது மெயில் வராது. பெரிய இணைப்புகளின் அளவை வைத்து வரிசைப்படுத்தினால் எதை நீக்கலாம் என்பது உடனே தெரியும்.

பாதுகாப்பு: லேப்டாப் தொலைந்தால் மொத்த அஞ்சல்பெட்டியும் எடுத்தவர் கையில் இருக்கும். லேப்டாப்பின் டிஸ்க்கைப் பூட்டி வையுங்கள். மெயில் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். எந்தெந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பது கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கும். தொலைந்த கருவியின் அனுமதியை அங்கிருந்தே ரத்து செய்யலாம்.

ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு

இந்த ஒரு பகுதியை மட்டும் மறக்காமல் படியுங்கள். இரண்டு கணினியிலும் மெயில் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று சில ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் லேப்டாப்பில் பழையதைச் சுத்தம் செய்யும்போது, தேவையான ஓர் ஆண்டின் ஃபோல்டரையும் சேர்த்து நீக்கி, ட்ராஷையும் காலி செய்துவிட்டேன். டெஸ்க்டாப்பைத் திறந்தபோது அங்கேயும் அந்த ஃபோல்டர் இல்லை. ஒத்திசைவு தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும்.

முந்தைய மாதம் வெளி டிஸ்க்கில் எடுத்த நகல்தான் காப்பாற்றியது. ஆனால் பேக்கப்பைத் திறப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய புரொஃபைலை நெட் இணைப்போடு திறந்தால், தண்டர்பேர்ட் உடனே சர்வரைப் பார்த்து, ‘இவை அங்கே இல்லை’ என்று அந்த நகலிலிருந்தும் மெயில்களை எடுத்துவிடும். ஆகவே வை-ஃபையை அணைத்து, கேபிளையும் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். இருப்பவற்றை லோக்கல் ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். அதற்குப் பிறகு இணைப்பைப் போட்டு, அங்கிருந்து சர்வருக்கு ஏற்றினேன். முழு நகலும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. தலைப்பு வரிகள் மட்டும் இருந்திருந்தால் மீட்பதற்கு எதுவும் இருந்திருக்காது. அவுட்லுக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதன் ஓ.எஸ்.டி. கோப்பு சர்வரின் நிழல் மட்டுமே. பேக்கப்புக்கு பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் தண்டர்பேர்டை மூடிவிட்டு டிஸ்க்கை இணைக்கிறேன். நகலாகி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன்.

இன்றைக்கே செய்து பாருங்கள்

உங்கள் இரண்டு கணினிகளும் ஒத்துப்போகின்றனவா என்று அறிய ஐந்து நிமிடம் போதும். லேப்டாப்பிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். அதைத் திறந்து படித்து, ஒரு நட்சத்திரம் வையுங்கள். இன்னொன்றைப் பாதி எழுதி டிராஃப்டாகச் சேமியுங்கள். இப்போது டெஸ்க்டாப்புக்குப் போங்கள். மெயில் படித்ததாகக் காட்ட வேண்டும், நட்சத்திரம் இருக்க வேண்டும், அனுப்பியதன் நகல் சென்ட் ஃபோல்டரில் இருக்க வேண்டும், டிராஃப்டின் பாதி வாக்கியம் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் எங்கோ அமைப்பு பிசகியிருக்கிறது. முக்கியமான மெயில் ஒன்று கைவிட்டுப் போவதற்கு முன் சரிசெய்துவிடுங்கள்.

அந்தக் கையேட்டின் இரண்டாம் பதிப்புக்கு வேலை வந்தபோதும் நான் கும்பகோணத்தில்தான் இருந்தேன். அதே திண்ணை, அதே மருத்துவர். ஆறு திருத்தங்களோடு மெயில் அனுப்பியிருந்தார். படித்து, நட்சத்திரம் வைத்து, பதில் போட்டேன். மூன்று நாள் கழித்து மதுரையில் டெஸ்க்டாப்பைத் திறந்தேன். மெயில் இருந்தது, நட்சத்திரத்தோடு. கீழே என் பதிலும் இருந்தது. ஆறு திருத்தங்களையும் ஒவ்வொன்றாக முடித்த பிறகே நட்சத்திரத்தை எடுத்தேன்.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதலில் ஓ.ஆர்.எஸ். பக்கத்தைத்தான் பிரித்துப் பார்த்தேன். ‘ஒரு லிட்டர்’ என்று அச்சிலேயே இருந்தது.